அளந்த அடர்த்தி

மூன்று மணிக்கு வேலை நிரந்தரத்துக்கான நேர்காணல். காலை பத்தரைக்கு ஆய்வகக் கதவைத் திறந்த டாக்டர் குணபூசணி, நடு மேசையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அதைச் செய்து வைத்திருந்த கன்னையாவுக்கோ வாயெல்லாம் பல்.

"எப்படி டாக்டர்? ரெண்டாவது மாடலும் ரெடி."

கன்னையா அந்த வேதியியல் துறையின் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தினமும் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் வந்து போகிறவர். போன மாதம் காட்டுத்தீயின் புகைமூட்டம் ஊரையே மூடி, எதிர் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் போன நாளில்கூட மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு டாண் என்று வந்து நின்றவர். சொன்ன வேலையைச் செய்வார். சொல்லாததையும் சேர்த்துச் செய்வார். இன்றைக்குப் பிரச்சினை அந்த இரண்டாவதில்தான்.

முதல் மாடல் அவள் கட்டியது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சி ஐந்து கட்டு வாங்கி, கணுவுக்குக் கணு பிளாஸ்டிசின் களிமண் உருண்டை பிடித்து, மூன்று வாரம் உட்கார்ந்து செய்த வலை. ஒவ்வோர் உருண்டையிலிருந்தும் நான்கு குச்சிகள் நான்கு திசைக்குப் போகும். ஒவ்வொரு குச்சியின் மறுமுனையிலும் இன்னோர் உருண்டை. எங்கே தொடங்கிச் சுற்றி வந்தாலும் ஆறு உருண்டையில் சுற்று மூடும். உருண்டை என்பது செம்பு அணு. குச்சி என்பது இரண்டு செம்புகளைப் பிடித்து நிறுத்தும் கரிம மூலக்கூறு. இப்படியே நாலாபக்கமும் கோடிக்கணக்கில் தொடர்ந்தால் ஒரு படிகம். வைரத்துக்குள் இருப்பதும் இதே வலைதான். ஆனால் இவளுடைய வலையில் குச்சிகள் நீளம், நடுவே பெரிய பெரிய அறைகள்.

மற்ற வேதியியல்காரர்கள் எல்லாம் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அப்புறம் பிளான் வரைகிறவர்கள் என்று அவள் கேலி செய்வாள். எதையோ எதோடோ கலப்பார்கள், படிகம் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவள் முதலில் வலையைத் தீர்மானித்தாள். எத்தனை கணு, கணுவுக்கு எத்தனை கை, சுற்று எங்கே மூட வேண்டும். அதற்கப்புறம்தான் எந்த உலோகம், எந்தக் குச்சி என்று தேடினாள். அறைகள் காலியாக இருந்தால் அவற்றில் வாயுவைப் பிடித்து வைக்கலாம், ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்கலாம். காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இடத்தில்தான் இந்த வலை எல்லோருடைய காலையும் வாரிவிடும். அறை பெரிதாக இருந்தால், அதே வலை இன்னொன்று அதற்குள்ளேயே வளர்ந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது, ஆனால் பிரித்தெடுக்கவும் முடியாது. காலி என்று நினைத்த அறையில் வேறு குடித்தனம் ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் குணபூசணி இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு குச்சியின் பக்கவாட்டிலும் முள் மாதிரி ஓர் அணுக்கூட்டத்தை வைத்தாள். மாடலில் அது தீக்குச்சித் துண்டு. இந்த முள் இருக்கும் வரை இரண்டாவது வலை நுழையவே முடியாது என்பதுதான் அவளுடைய கட்டுரையின் உயிர்.

இப்போது அவள் கண்முன்னே, அவளுடைய வலைக்குள், கன்னையா கட்டிய இரண்டாவது வலை அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"ஏன் கன்னையா உள்ளுக்குள்ள கட்டினீங்க?"

"புரொபெஸர் தானே டாக்டர் சொன்னாரு, நேர்காணலுக்கு ரெண்டு மாடல் வேணும்னு. மேசையில வைக்க எடம் இல்ல லா. இதுக்குள்ள பார்த்தா எவ்வளவு எடம் சும்மா கெடக்கு! அங்கயே கட்டிட்டேன்."

"முள்ளு இடிக்கலையா?"

"மொதல்ல இடிச்சிச்சி. அப்புறம் கொஞ்சம் திருப்பி விட்டேன். முள்ளுக்கு நடுவுல முள்ளு போயி சரியா உக்காந்திருச்சி." அவர் பெருமையோடு மேசையை லேசாக ஆட்டிக் காட்டினார். "பாருங்க, ஒன்னோட ஒன்னு படவே இல்ல."

படவே இல்லை. அவள் குனிந்து எல்லாப் பக்கமும் பார்த்தாள். ஓர் இடத்திலாவது முள் குச்சியை இடிக்காதா என்று தேடினாள். இரண்டு வருஷமாகக் காகிதத்தில் வரைந்து வரைந்து தேய்ந்தவள், திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாடல் மாடல்தான், படிகம் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை உண்டு, அரை மணி நேர வேலை. ஒரே ஒரு வலை என்றால் படிகம் லேசாக இருக்கும், இரண்டு என்றால் கனக்கும். இரண்டு திரவங்களைச் சரியான அளவில் கலந்து படிகத்தைப் போட்டால் போதும். மிதந்தால் அறை காலி, மூழ்கினால் அறை நிறைந்திருக்கிறது. அடர்த்தி பார்ப்பது என்று இதற்குப் பெயர். கட்டுரையோடு போகும் படிவத்தில் 'அளந்த அடர்த்தி' என்று தனியாக ஒரு கட்டமே உண்டு.

அந்தக் கட்டத்தில் 1.12 என்று எழுதிக் கட்டுரையை அனுப்பி ஆறு நாள் ஆகியிருந்தது. அளக்காமல் எழுதிய எண் அது.

போன வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. கன்னையா ஒவ்வொரு வருஷமும் செய்கிறபடி ஆய்வகத்தைக் கழுவித் துடைத்து, தராசு, அடுப்பு, குடுவை, எக்ஸ்ரே கேமரா என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலையை எல்லா மாடிக்கும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. கூரியர் வண்டி நாலு மணிக்கு வந்து நிற்கிறது. ஜப்பானில் ஒரு குழு இதே வேலையில் இருப்பதாகத் தகவல், பேராசிரியர் சீவரத்தினமோ இன்றைக்கே போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். தராசின் நெற்றியில் குங்குமம். அவள் காலி அறைக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்த எண்ணையே அளந்த எண்ணாகவும் எழுதி உறையை ஒட்டினாள். எப்படியும் அதுதானே வரப்போகிறது என்று அப்போது நினைத்தாள்.

முழு எக்ஸ்ரே தகவலுக்காகப் படிகங்களை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். பதில் வர இன்னும் இரண்டு வாரம். அவளிடம் மிஞ்சியிருந்தவை ஒரு சிறு குப்பியில், பிறந்த திரவத்திலேயே ஊறிக் கிடந்த ஐந்து நீலப் படிகங்கள். சர்க்கரைத் துணுக்கு அளவு.

"கன்னையா, கதவைச் சாத்துங்க. யாரையும் விடாதீங்க."

குளோரோஃபார்மையும் டொலுவீனையும் கலந்து, தராசில் நிறுத்துப் பார்த்து, ஒரு வலைக்கும் இரண்டு வலைக்கும் இடைப்பட்ட 1.25க்குக் கொண்டுவந்தாள். தராசின் மேல் இன்னும் குங்குமத் தூள் ஒட்டியிருந்தது. முதல் படிகத்தை இடுக்கியால் எடுத்து வடிதாளில் ஒற்றினாள். ஈரம் போக ஒற்றியதில் நேரமாகிவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துபோனது. இந்தப் படிகங்கள் திரவத்தை விட்டு வெளியே வந்தால் அவ்வளவுதான்.

இரண்டாவதைச் சட்டென்று எடுத்தாள். ஒற்றினாள், போட்டாள். அது மேலே ஒரு கணம் தயங்கியது. அப்புறம் குழாயின் அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவதும் மூழ்கியது.

கன்னையா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

*

பேராசிரியர் சீவரத்தினம் தன் அறையில் நேர்காணலுக்காகக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். டிசம்பரில் அவருக்கு ஓய்வு. குணபூசணியை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் அவளுடைய அம்மா கனகேஸ்வரியைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கட மகளைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ" என்று சொல்லிவருகிறவரும் அவர்தான். கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வீட்டுத் தமிழில் அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"வெளியில எடுத்தவுடனே காய்ஞ்சு சுருங்கியிருக்கும், பிள்ளை. சுருங்கினது தாழத்தான் செய்யும்."

"முதலாவது தான் சேர் காய்ஞ்சது. மற்ற ரெண்டும் நீலமாத்தான் போச்சுது."

"ரெண்டு படிகத்தை வைச்சு என்ன சொல்லலாம்? வெளிநாட்டில இருந்து தகவல் வரட்டும். பிழை எண்டால் அப்ப திருத்துவம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இண்டைக்கு உம்மட வேலை நிரந்தரமாகிற நாள். மூண்டு வருஷ ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. இண்டைக்கு இல்லையெண்டால் பிறகு இல்லை. கட்டுரையை வைச்சுத்தான் குழு கூடுது. அடர்த்தியைப் பற்றி அங்க ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமை. நிரந்தரம் ஆகாவிட்டால் டிசம்பருக்குப் பிறகு அவளுக்கு இந்த ஆய்வகம் இல்லை, இந்தப் படிகங்கள் இல்லை. முப்பத்தாறு வயதில் ஏதாவது ஒரு டியூஷன் சென்டரில் அமிலம், காரம் என்று ஒப்பிக்க வேண்டியதுதான். இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும். திருத்தம் என்று அப்புறம் நாலு வரி எழுதினால் உலகம் ஒன்றும் இடிந்துவிடாது.

"சரி சேர்" என்றாள். மாடியிறங்கும்போது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டரை மணிக்கு ஆய்வகத்தில் கன்னையா தராசை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணியில் ஏறிய குங்குமச் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. யார் மேலாவது பழியைப் போட வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தார்.

"எல்லாம் உங்களால வந்தது, கன்னையா. அன்னைக்கு நீங்க தராசுக்குப் பொட்டு வைக்காம இருந்திருந்தா நான் அளந்து பார்த்திருப்பேன். அளக்காம நம்பரை எழுத வேண்டி வந்திருக்காது."

கன்னையா பதறிப்போனார். துணி கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, என்ன டாக்டர் சொல்றீங்க? தராசு மட்டுமா வச்சேன்? ஒங்க மேசையில இருந்த நோட்டு, அந்தக் கறுப்புப் பேனா, எல்லாத்தையும் சேத்துத்தானே பூஜையில வச்சேன். அன்னைக்கு எழுதவே கூடாதே." அவருடைய முகத்தில் இருந்தது குற்றச்சாட்டு இல்லை, நிஜமான கவலை. "நீங்க அன்னைக்கு எழுதினீங்களா டாக்டர்?"

அவள் குனிந்து, விழுந்த துணியை எடுத்தாள்.

எழுதினாள். மேசையில் பேனா இல்லை என்றதும் கைப்பையைத் துழாவி வேறு பேனா எடுத்து எழுதினாள். அளப்பதற்குக் குங்குமம் குறுக்கே வந்தது, எழுதுவதற்கு வரவில்லை. அதே குங்குமம், அதே நாள். ஆறு நாளாக அவள் தனக்குத்தானே சொல்லிவந்த சமாதானம், கன்னையாவின் ஒரு கேள்வியில் பொடிப்பொடியாகப் போனது. அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்த முறை கோபத்தைப் போட ஆள் இல்லை.

மணி இரண்டு ஐம்பது. குப்பியில் இரண்டு படிகங்கள் மீதி இருந்தன. அவள் ஒரு சோதனைக் குழாயில் அந்த 1.25 திரவத்தை ஊற்றித் தக்கையால் அடைத்தாள். குழாயையும் குப்பியையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டாள்.

"மாடலைத் தூக்குங்க கன்னையா. ரெண்டையும் சேர்த்துத்தான். பிரிக்க முடியாது."

*

நேர்காணல் அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் குழுவின் தலைவர், மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அவருக்கு வலப்பக்கம் சீவரத்தினம். இடப்பக்கம் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த படிகவியலாளர் டாக்டர் இங், மெலிந்த சீன அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. ஓரத்தில் குறிப்பெடுக்க ஒருவர். பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. முதல் இருபது நிமிஷம் சுமுகமாகப் போனது. வலையை முதலில் வரைந்து படிகத்தைப் பிறகு செய்த துணிச்சலைத் தலைவர் பாராட்டினார். சீவரத்தினம் அவளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

டாக்டர் இங் படிவத்தின் பிரதியைத் திருப்பினார்.

"கணக்குப்படி அடர்த்தி 1.12. அளந்ததும் 1.12. இவ்வளவு அழகாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எப்படி அளந்தீர்கள்?"

"திரவத்தில் மிதக்க விட்டுத்தான். வழக்கமான முறைதான்" என்று சீவரத்தினம் முந்திக்கொண்டார்.

"நான் அவரைக் கேட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே புகை பழுப்பாக நின்றது. குணபூசணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆம் என்று. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"நான் அளக்கவில்லை."

சீவரத்தினம் மேசையைப் பார்த்தார்.

"புரியவில்லை" என்றார் தலைவர். "அளந்த அடர்த்தி என்றுதானே இங்கே போட்டிருக்கிறது? ஏதாவது காரணம் இருந்ததா? கருவி பழுதா? அன்றைக்கு ஏதாவது..."

காரணம் தயாராக இருந்தது. அன்றைக்கு எங்களுக்குப் பூஜை, கருவிகளைத் தொட மாட்டோம் என்று சொன்னால் அந்த மனிதர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார். பிறர் வழிபாட்டு விஷயத்தில் அவ்வளவு மரியாதை உள்ளவர். சொன்னால் தப்பித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. கதவோரம் மாடலைப் பிடித்துக்கொண்டு கன்னையா நின்றிருந்தார். ஆங்கிலம் முழுக்கப் புரியாவிட்டாலும் ஏதோ சரியில்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"காரணம் ஒன்றும் இல்லை" என்றாள். "கட்டுரை உடனே போக வேண்டியிருந்தது. நான் விரும்பிய எண்ணை எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். பேராசிரியருக்கு இன்று மதியம்தான் தெரியும்."

பிறகு அவள் குழாயை மேசை மேல் நிறுத்தினாள். தக்கையைத் திறந்தாள். நான்காவது படிகத்தை எடுத்து, ஒற்றி, போட்டாள்.

"அறை காலியாக இருந்தால் இது மிதக்க வேண்டும்."

நான்கு பேரும் குனிந்தார்கள். நீலத் துணுக்கு நேராக அடிக்குப் போனது.

"இரண்டாவது வலை" என்றார் டாக்டர் இங் மெதுவாக. "முள் இருந்துமா? எப்படி நுழைந்தது?"

குணபூசணி கன்னையாவைக் கூப்பிட்டு மாடலை மேசை மேல் வைக்கச் சொன்னாள். "இவர் கட்டிக் காட்டினார். திருப்பி வைத்தால் முள்ளுக்கு நடுவே முள் போய்விடுகிறது. எனக்குத் தோன்றவில்லை."

டாக்டர் இங் எழுந்து வந்து மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குச்சியைப் பிடித்து மெல்ல இழுத்தார். இரண்டு வலைகளும் சேர்ந்தே நகர்ந்தன.

*

அவளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிஷம் கழித்துத் தலைவரே வந்து சொன்னார். உண்மையைச் சொன்னது நல்லது, ஆனால் பொய்யான எண்ணோடு போன கட்டுரையை வைத்து நிரந்தரம் கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவும் வழியில்லை. டிசம்பர் முப்பத்தொன்று. பின்னால் வந்த சீவரத்தினம் அவளைப் பார்க்காமல் மாடிப்படியில் இறங்கிப் போனார். அவருக்கும் வலித்திருக்கும்தான். இருந்தாலும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஆய்வகத்துக்கு வந்ததும் கன்னையா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"என்னால தானே டாக்டர்? நான் பாட்டுக்கு அந்த மாடலை வெளியில கட்டியிருந்தா..."

"கட்டியிருந்தா நான் இன்னும் பொய் சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றாள். "மதியம் உங்க மேல பழியைப் போட்டேன், கன்னையா. தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

முதலில் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நான்கு வரி எழுதி ஃபேக்ஸில் அனுப்பினாள். பிறகு குப்பியைத் திறந்தாள். ஒரு படிகம் மீதி இருந்தது. அதைக் குழாயில் போட்டு, இரண்டு திரவங்களில் கனமானதான குளோரோஃபார்மைத் துளித்துளியாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். அடியில் கிடந்த படிகம் மெல்ல எழும்பி, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நடுவில் நின்றது. அந்தத் திரவத்தைத் தராசில் நிறுத்தாள். கணக்குப் போட்டாள், இன்னொரு முறை போட்டாள். 1.46. இரண்டு வலைகளுக்கு வர வேண்டிய அதே எண்.

புதிய படிவம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினாள். மேசையில் இல்லை. கை தன்னால் கைப்பைக்குப் போனது, பாதியில் நின்றது.

"கன்னையா, அந்தக் கறுப்புப் பேனா எங்க?"

அவர் அலமாரியைத் திறந்து, சரஸ்வதி படத்தின் முன்னால் இன்னும் நோட்டின் மேலேயே கிடந்த பேனாவை எடுத்து வந்தார். மூடியில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

"அப்படியே குடுங்க."

அளந்த அடர்த்தி என்ற கட்டத்தில் அவள் 1.46 என்று எழுதினாள். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.